புதுப் பணியில் நற்பெயர்: இளஞ் சாவகர்க்கு ஒரு பாடம்

கல்வி முடித்து முதன்முதலாகப் பணியில் அமர்வோர்க்கும், ஓரிடம் விட்டு வேறிடம் சேர்வோர்க்கும் முதற் சில திங்கள் இன்றியமையாதவை. "சேர்ந்தவுடனே நல்ல பெயர் எடுத்துவிட வேண்டும்" என்று பெற்றோரும் உற்றாரும் ஓயாது அறிவுறுத்துவர். உடுக்கும் உடை, நிற்கும் நிலை, பேசும் பாங்கு ஆகியவற்றைக் கற்பிக்கும் பயிற்சி வகுப்புகளும் மலிந்துள்ளன. இவை வேண்டாதவை என்று நாம் கூறோம். தூய உடையும் காலந் தவறாமையும் எவர்க்கும் அழகே. ஆயினும், சாவக நெறியில் நிற்போர் இவ்விடத்து ஒரு வினாவை எழுப்பிப் பார்த்தல் தகும். பிறர் உள்ளத்தில் நம்மைப் பற்றிய நல்லெண்ணத்தை உண்டாக்க முயல்வது ஒழுக்கத்தின்பாற் பட்டதா, அன்றி மாயையின்பாற் பட்டதா?

மாயை என்று நாம் ஈண்டுக் குறிப்பது, குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் ஒன்றாகிய வஞ்சனையை. உள்ளத்தில் ஒன்றை வைத்துப் புறத்தே வேறொன்றைக் காட்டுவது அது. அதற்கு மாற்றாக நம் ஆசாரியர்கள் வகுத்தது பத்துவகை அறங்களுள் ஒன்றாகிய ஆர்ஜவம், அதாவது நேர்மை. புதிய பணியிடத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு எளியதோர் அளவுகோல் உண்டு. இன்று காட்டும் நடத்தையை ஓராண்டு கழிந்த பின்னும் அவ்வாறே காட்ட நம்மால் இயலுமாயின் அது ஒழுக்கம். தகுதிகாண் பருவம் முடியுமட்டும் காட்டிப் பின்னர்க் கழற்றி வைப்பதற்கென்றே பூண்டதாயின் அது மாயை. இப்பாடம் முழுவதும் இவ்வொரு கருத்தின் விரிவே ஆகும்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரச் சிற்றூர்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த நம் தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் அதற்கு அப்பாலும் பணி செய்கின்றனர். ஊரில் நாம் இன்னார் என்பதை எவர்க்கும் சொல்ல வேண்டுவதில்லை. பாட்டனார் பெயரே போதும். நகரத்து அலுவலகத்தில் நம்மை முன்னரே அறிந்தார் ஒருவரும் இலர். முதல் சில வாரங்களில் நாம் செய்வதைக் கொண்டே நம்மை எடை போடுவர். சிறிய சமூகத்தினராகிய நமக்கு மற்றுமொரு பொறுப்பும் உண்டு. அவ்வலுவலகத்தார் பலர் வாழ்வில் காணும் முதற் சமணர் நாமாகவே இருத்தல் கூடும்.

சத்தியகோடன் தேடிய பெயர்

வாமன முனிவர் அருளிய மேருமந்தர புராணத்தில் வரும் கதையொன்று இப்பொருளுக்கு மிகவும் ஏற்றது. வடமொழிக் கதைநூல்களிலும் சிற்சில வேறுபாடுகளுடன் அது வழங்குகிறது. சிம்மசேன மன்னனிடம் அமைச்சனாயிருந்தவன் வாய்மை தவறாதவன் என்று உலகம் நம்பும்படி நடந்து, சத்தியகோடன் என்ற பெயரும் பெற்றிருந்தான். அவன் தன் பூணூலில் சிறு கத்தியொன்றைக் கட்டிக்கொண்டு, பொய் கூறின் அக்கத்தியாலேயே நாவை அறுத்துக்கொள்வதாகச் சொல்லித் திரிந்தான் என்று வடமொழிக் கதை கூறும்.

அப்பெயரை நம்பிய வணிகன் பத்திரமித்திரன் தன் மணிகளை அவனிடம் அடைக்கலமாக வைத்தான். மீண்டு வந்து கேட்டபோது, அமைச்சன் ஒன்றும் அறியேன் என்று மறுத்துவிட்டான். ஊரார் அமைச்சனை நம்பினர். வணிகனைப் பித்தன் என்றனர். அவ்வணிகன் நாள்தோறும் அரண்மனைக்கு அருகே ஒரு மரத்தின் மீதேறித் தன் முறையீட்டைக் கூவினான். அதைக் கேட்ட அரசி இராமதத்தை, நாள்தோறும் ஒன்றையே மாறாமற் கூறுபவன் பித்தனாக இருத்தல் இயலாது என்று எண்ணினாள். அமைச்சனோடு சூதாடி அவனுடைய மோதிரத்தையும் பூணூலையும் வென்றாள். அவற்றையே அடையாளமாக அனுப்பி, அவன் மறைத்து வைத்திருந்த மணிகளை வருவித்தாள். மன்னன் அவற்றைத் தன் மணிகளோடு கலந்து வைத்து, உன்னுடையதை எடுத்துக்கொள் என்றான். வணிகன் தன் மணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றைத் தொடாது விட்டான்.

இக்கதையில் இருவர் பெயரும் மாறுகின்றன. அமைச்சனின் நற்பெயர் கத்தியாகிய அடையாளத்தில் தொங்கியது; அவ்வடையாளங்களே இறுதியில் அவனைக் காட்டிக்கொடுத்தன. வணிகனுக்கோ ஊரில் நற்பெயரே இல்லை. மாறாத சொல்லும், பிறர் பொருளில் கைவையாமையும் அவனுக்கு அதனை மீட்டுத் தந்தன. புதிய பணியில் நாம் பின்பற்றத் தக்கவன் வணிகனே.

விண்ணப்பத்திலேயே தொடங்கும் சோதனை

நற்பெயருக்கான முதற் சோதனை பணியில் சேர்வதற்கு முன்பே, விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் வந்துவிடுகிறது. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் நீச கோத்திர கருமம் வந்து சேர்வதற்குரிய செயல்களைக் கூறுகிறார். பிறரை இகழ்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாத குணத்தை உண்டெனக் காட்டல் என்பன அவை. இந்நான்கும் வேலை தேடுவோர் நாவில் எத்துணை எளிதாக வந்துவிடுகின்றன என்பதை எண்ணிப் பார்ப்போமாக. "முன்பிருந்த இடத்தை ஏன் விட்டீர்கள்?" என்ற வினாவுக்கு அங்கிருந்த மேலாளரைக் குறை கூறுவது முதலாவது. நால்வர் கூடி முடித்த பணியை "நான் முடித்தேன்" என்பதில் இரண்டாவதும் மூன்றாவதும் அடங்கும். ஒருமுறை பார்த்த கணினி மென்பொருளைத் தேர்ந்து கற்றதாக எழுதுவது நான்காவது.

அவ்வாறாயின் நம் திறமையை நாமே கூறுதல் ஆகாதோ எனின், அற்றன்று. கேட்டவிடத்து உள்ளதை உள்ளபடி உரைப்பது தற்புகழ்ச்சி ஆகாது. நம் பிள்ளைகளுள் பலர் கூச்சத்தால் உள்ளதையும் சொல்லாது விடுகின்றனர். அதுவும் நேர்மைக்குத் துணை செய்வதில்லை. "இதனை நன்கு அறிவேன், இதனை ஓரளவு அறிவேன், இதனை இனிமேல்தான் கற்க வேண்டும்" என்று மூன்றாகப் பகுத்துக் கூறுவோர் சொல்லை எதிரிலிருப்போர் எளிதில் நம்புவர்.

சத்திய அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கூடலேகக் கிரியை ஒன்று. பொய்ப் பத்திரம் ஆக்குவது என்பது அதன் பொருள். பணியாற்றாத இடத்தில் பணியாற்றியதாக அனுபவச் சான்று வாங்குவது, ஊதியத் தாளைத் திருத்துவது ஆகியவை ஐயத்துக்கிடமின்றி இதுவேயாம். "எல்லோரும் செய்கிறார்கள்" என்பது விரதத்துக்கு விலக்கு ஆகாது. உலகியலிலும் இது நிலைப்பதில்லை. 2014 முதல் வருங்கால வைப்பு நிதியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிலையான ஒரே எண் வழங்கப்படுகிறது. எங்கே, எப்போது பணியாற்றினோம் என்பது அக்கணக்கில் பதிவாகிவிடும். பொய்ச் சான்று காட்டிச் சேர்ந்தவர் எத்துணை நன்கு உழைத்தாலும், அது வெளிப்படும் நாளை எண்ணி அஞ்சியே இருக்க வேண்டும்.

செருக்கு புகும் வழிகள்

அறிவு, பெருமதிப்பு, குலம், இனம், வலிமை, செல்வம், தவம், உடலழகு என்னும் எட்டினையும் பற்றி எழும் செருக்கை எண்வகை மதம் என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் தொகுத்துள்ளார். புதிய அலுவலகத்தில் முதலில் தலைகாட்டுவது அறிவுச் செருக்கே. "எங்கள் கல்லூரியில் இப்படிச் செய்வதில்லை", "பழைய இடத்தில் இதைவிட நல்ல முறை இருந்தது" என்னும் சொற்கள் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், அம்முறை அங்கு ஏன் வந்தது என்பதை அறியுமுன் கூறினால் அவை செருக்கெனவே கொள்ளப்படும். தோன்றும் திருத்தங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, மூன்று திங்கள் கழித்து மீண்டும் பார்த்தல் நன்று. அவற்றுட் பல தாமே தேவையற்றுப் போயிருக்கும். எஞ்சியவை கேட்கத் தக்கவை. அவற்றைத் தக்கவரிடம் தனித்துரைக்கலாம்.

கற்பதில் மேல் கீழ் என்பது இல்லை. எந்தத் தாள் யார் மேசைக்குச் செல்லும், எந்தப் பூட்டு எப்படித் திறக்கும் என்பனவற்றை மேலாளரைவிட அலுவலக உதவியாளரும் காவலரும் நன்கு அறிவர். அவர்களிடம் "ஐயா", "அம்மா" என்று பணிவுடன் கேட்டறிவோர்க்குப் பாதிப் பணி எளிதாகிவிடும். மேலோர்க்கு மட்டும் பணிந்து ஏனையோரிடம் முகங் கொடாதவரின் பணிவு எத்தகையது என்பதை அலுவலகம் விரைவில் கண்டுகொள்ளும்.

ஐந்து சமிதிகளும் அலுவலகமும்

சமிதிகள் ஐந்தும் முனிவர்க்கு முழுமையாக விதிக்கப்பட்டவை. எனினும், இல்லறத்தார் தத்தம் நிலைக்கேற்ப அவற்றின் சாயலையேனும் கைக்கொள்வது நம் மரபுக்கு ஒத்ததே. புதிய பணியில் இவற்றைவிடத் தெளிவான நடைமுறை விதிகளை நாம் கண்டதில்லை.

முதலாவது ஈர்யா சமிதி. முனிவர் தம் முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராதவாறு அடிவைப்பர். புதியவரும் அவ்வாறே முதலில் நோக்கிப் பின்னர் அடிவைக்க வேண்டும். யார் எதற்குப் பொறுப்பாளர், எந்தப் பணி எதற்கு முந்தியது என்பதை அறிந்து தொடங்கினால் பிறர் பணியை மிதித்துச் செல்லும் பிழை நேராது.

இரண்டாவது பாஷா சமிதி. பிறர்க்கு இதமாகவும், அளவாகவும், ஐயத்துக்கு இடமின்றியும் பேசுதல். புரியாததைப் புரிந்ததாகத் தலையசைப்பது இதற்கு மாறானது. "தாங்கள் சொன்னதை நான் இவ்வாறு விளங்கிக்கொண்டேன், சரிதானா?" என்று ஒருமுறை கேட்பது ஒரு நாள் வீணாவதைத் தடுக்கும். பெரியோர் முன்னிலையில் அருகிலிருப்பவர் காதில் முணுமுணுப்பதையும், அவருடன் சேர்ந்து சிரிப்பதையும் திருக்குறளின் 70ஆம் அதிகாரம் விலக்குகிறது. கூட்டத்தில் அமர்ந்து கைப்பேசியில் செய்தி பரிமாறிச் சிரிப்பது அதன் இக்கால வடிவம். மறைவில் நடந்ததை வெளியிடுவதும், ஒருவர் குறிப்பைக் கொண்டு அவர் கருத்தை உணர்ந்து பரப்புவதும் சத்திய விரதத்தின் அதிசாரங்களே. சேர்ந்த முதல் வாரத்திலேயே சிலர் நம்மிடம் மற்றவரைப் பற்றிய கதைகளைக் கூறுவர். கேட்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒருவர் நம்பி அனுப்பிய செய்தியைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் இடுவது ஒருபோதும் கூடாது.

மூன்றாவது ஏஷணா சமிதி உணவைப் பற்றியது. அதனைப் பின்னர் விரிப்போம். நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்து, மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கி, எடுத்தலும் வைத்தலும் முனிவர் வழக்கம். எடுத்த கோப்பை எடுத்தவிடத்தே வைத்தல், கருவியைத் துடைத்து வைத்தல், கணினியில் பிறர் ஆவணத்தைக் கேளாமல் மாற்றாதிருத்தல் ஆகியவை இதன் சாயல். ஐந்தாவது உத்சர்க்க சமிதி, கழிவுகளை உயிர்க்கு ஊறின்றி விடுதல். தேநீர்க் கோப்பையைக் கழுவி வைப்பதும், கழிப்பறையை அடுத்தவர்க்குத் தூயதாக விட்டு வருவதும் எவரும் புகழாத செயல்கள். ஆனால் துப்புரவுப் பணியாளர்க்கு அவற்றின் அருமை தெரியும்.

உணவு நெறியை எப்படிச் சொல்வது?

நம் இளைஞரை மிகவும் வருத்தும் இடம் இதுவே. புலாலும் மதுவும் தேனும் விலக்குவது, கிழங்கு வகைகளைத் தவிர்ப்பது, பொழுது சாயுமுன் உண்பது ஆகியவற்றைச் சொன்னால் நகைப்பர் என்று அஞ்சிச் சிலர் மறைக்கின்றனர். மறைப்பதற்கு ஒரு பொய், அதைக் காப்பதற்கு மற்றொன்று என வளர்ந்து, இறுதியில் விரதமே தளர்ந்துவிடுகிறது. வேறு சிலர் எதிர்ப்புறம் சாய்ந்து, உடன் உண்பவரின் தட்டைப் பார்த்து அறவுரை நிகழ்த்துகின்றனர். முன்னது மாயை, பின்னது மானம். இரண்டும் கஷாயங்களே.

முதல் வாரத்திலேயே, கேட்டபோது, புன்முறுவலுடன் ஒரே தடவை சொல்லிவிடுவது நல்லது. "எங்கள் வழக்கம் இது. எனக்காக எதையும் மாற்ற வேண்டாம். நான் என் உணவைக் கொண்டு வந்துவிடுவேன்." இவ்வளவே போதும். அதன் பின் எல்லோருடனும் ஒரே மேசையில் அமர்ந்து அளவளாவி உண்ண வேண்டும். முதல் ஊதியம் வாங்கியதும் நண்பர்கள் விருந்து கேட்பர். நம் நெறிக்கு ஒத்த நல்ல சிற்றுண்டியை நாமே முந்திக்கொண்டு தாராளமாக வழங்கிவிட்டால் வேறு இடத்துக்குச் செல்லும் பேச்சு எழாது.

இரவுண்ணாமைக்கு முன்னேற்பாடு வேண்டும். சென்னையில் கார்த்திகைத் தொடக்கத்தில் மாலை சுமார் 5.40 மணிக்கே கதிரவன் மறைந்துவிடும். ஆனி மாத இறுதியில் சுமார் 6.40 வரை ஒளி இருக்கும். ஆறு மணிக்கு மேல் முடியும் அலுவலகத்தில் குளிர்காலத்து மாலையுணவை அங்கேயே உண்ண நேரும். மேலாளரிடம் தனியே சென்று, "மாலை 5 மணிக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும், அதற்கு ஈடாக நண்பகல் இடைவேளையைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று கேட்கலாம். சலுகையை மட்டும் கேட்காமல் அதற்கு ஈட்டையும் உடன் கூறுவோர்க்கு மறுப்பு அரிது. மறுக்கப்படின், நண்பகல் உணவையே முதன்மையாக்கி மாலையில் பழமும் நீருமாக முடித்துக்கொள்ளலாம்.

பதிவேட்டில் ஒரு வெற்றிடம்

இதுகாறும் கூறியவை எளியன. கடினமான சோதனை ஒன்று உண்டு. மருந்து ஆலையொன்றின் தரப் பிரிவில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளிர் அறையின் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் கடமை. ஒருநாள் வேறு பணியில் ஈடுபட்டு, பிற்பகல் 2 மணிக்குரிய அளவைப் பார்க்கத் தவறிவிட்டார். நினைவு வரும்போது மணி 3.30. பன்னிரண்டு மணிக்கு 5 பாகை. இப்பொழுதும் 5 பாகை. மூத்தவர் ஒருவர், "இடையில் 5 என்றே எழுதிவிடு அம்மா, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார். தகுதிகாண் பருவம் முடியவில்லை. வீட்டில் கல்விக் கடன் நிற்கிறது. வெற்றிடம் விட்டால் முதல் மாதத்திலேயே கெட்ட பெயர் வருமோ என்ற அச்சம் வேறு.

இங்கு எழுதப்படும் "5" அநேகமாக உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அது பார்க்காததைப் பார்த்ததாகக் கூறும் கூடலேகமே. மேலும், பிரமாதம், அதாவது கவனமின்மை, கலந்த செயலால் உயிர்க்கு நேரும் கேட்டையே உமாசுவாமி ஆசாரியர் இம்சை என்று வரையறுத்தார். அக்குளிர் அறையின் மருந்து முகமறியாத ஒரு நோயாளியின் உடலுக்குள் செல்லப் போகிறது. அளவுகள் மெய்யென்று நம்பியே மருத்துவர் அதை எழுதிக் கொடுக்கிறார். ஆகவே பதிவேட்டின் அக்கட்டம் சத்திய விரதத்துக்கு மட்டுமன்றி அகிம்சை விரதத்துக்கும் உரிய இடமாகிறது.

செய்யத் தக்கது யாது? 2 மணிக்குரிய இடத்தில் "அளவு எடுக்கப்படவில்லை" என்று எழுதி, 3.30 மணிக்கு எடுத்த அளவை அந்நேரத்தோடு குறித்து, கையொப்பமிட்டு, உடனே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுவதே. நன்முறை மருந்து உற்பத்தியின் விதியும் இதுவே. செயலைச் செய்த நேரத்திலேயே பதிய வேண்டும், பின்தேதியிடல் கூடாது, பிழையாக எழுதியதை அழிக்காமல் ஒரே கோட்டால் அடித்து, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். கணக்கு, கட்டுமானம், கல்வி எனத் துறை எதுவாயினும் இதற்கு ஒப்பான கட்டம் ஒன்று வந்தே தீரும்.

அன்று கடிந்துரை கிடைத்தல் கூடும். அதைப் பொறுத்துக்கொள்வதே அன்றைய தவம். ஆனால் அப்பொறுப்பாளர் அன்றிலிருந்து அப்பெண் எழுதிய எண்களை மறுபடி சரிபார்க்க வேண்டியதில்லை என்பதையும் அறிந்திருப்பார். மேலாளரே பொய் எழுதச் சொல்லின், சினமின்றி, "நான் பார்த்ததை மட்டும் எழுத அனுமதியுங்கள்" என்று வேண்ட வேண்டும். மீண்டும் வற்புறுத்தின், அதனை எழுத்தில் தருமாறு கேட்கலாம், மேலிடத்தில் முறையிடலாம். அதுவும் பயன்படாதாயின், வேறு பணி தேடுவதே தக்கது. இது எளிதன்று, இழப்பும் நேரலாம். அவ்வேளையில் குடும்பத்தார் துணை நிற்க வேண்டும். "எப்படியாவது அங்கேயே ஒட்டிக்கொள்" என்று பெற்றோர் கூறின், பிள்ளையின் விரதத்தைத் தளர்த்தியவர் அவரே ஆவர்.

அதிக்கிரமம், வியதிக்கிரமம், அதிசாரம், அனாசாரம் என்று விரதம் கெடுவதற்கு நான்கு படிகள் கூறப்படும். முதலில் மனம் தளரும். அடுத்து வேலியைத் தாண்டும். பின் ஒருமுறை செய்யும். இறுதியில் அதுவே வழக்கமாகும். முதல் மாதத்தில் முதற்படியிலேயே நின்று திரும்பியவர்க்குப் பின்னைய ஆண்டுகள் எளியவை.

நாள் முடிவில்

சாமாயிகத்துக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், உரியது. விடுதியிலோ நண்பர் பலருடன் தங்கும் அறையிலோ இருப்போர்க்கு அது இயலாதாயின், படுக்கு முன் பத்து நிமிடமேனும் அமைதியாக அமர்ந்து பிரதிக்கிரமணம் செய்யலாம். இன்று யாரை இகழ்ந்தோம், எதை மிகைப்படுத்திச் சொன்னோம், நம்மிடம் ஒப்படைத்த நேரத்தையும் பொருளையும் அடைக்கலமாகக் காத்தோமா என்று எண்ணுதல் வேண்டும். தவறு தென்பட்டால் மறுநாட் காலையில் உரியவரிடம் சென்று திருத்திக்கொள்ள வேண்டும். இவ்வாறு நாள்தோறும் நடப்போர் நற்பெயரை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. அது தன் காலத்தில் வந்து சேரும். வரத் தாமதித்தாலும் நற்காட்சியும் நல்லறிவும் நல்லொழுக்கமும் அவரிடம் குறைவுபடாது.

பயிற்சி வினாக்கள்

1. ஒழுக்கத்துக்கும் மாயைக்கும் இப்பாடம் கூறும் அளவுகோல் யாது?
2. பத்திரமித்திரன் பித்தன் அல்லன் என்பதை அரசி எவ்வாறு உணர்ந்தாள்?
3. நீச கோத்திர கருமத்துக்குரிய நான்கு செயல்களை நேர்காணலோடு பொருத்திக் காட்டுக.
4. ஆதான நிக்ஷேபண சமிதியை உம் பணியிடத்தில் கைக்கொள்ளும் மூன்று வழிகளை எழுதுக.
5. உம் தொழிலில் "பதிவேட்டின் வெற்றிடம்" எது? அதனை எதிர்கொள்ளும் முறையை வீட்டிலுள்ள பெரியோருடன் கலந்துரையாடுக.

அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!